ஷட்டர் கவுன்ட்டை மட்டும் நம்பாதே

அன்புத் தம்பிக்கு,

செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 III ஒன்று வந்திருக்கிறது, ஷட்டர் கவுன்ட் 42,000தான், எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். அதற்குள் சொந்தமாக ஒரு ஃபுல் ஃப்ரேம் வேண்டும் என்ற உன் அவசரம் எனக்குப் புரிகிறது. சேமிப்போடு நகைக்கடனையும் சேர்த்துத் தொழிலில் இறங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நல்ல கேமராதான். 2018இல் வந்தது என்றாலும் மண்டப வெளிச்சத்தில் இன்றைக்கும் சளைக்காது. ஆனால் 42,000 என்ற எண்ணை மட்டும் கேட்டுவிட்டு "வாங்கு" என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எண், விற்பவர் சொல்லும் கதை, கேமராவின் உடம்பு, நீயே எடுத்துப் பார்க்கும் படம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எங்காவது இடித்தால் விலகிவிடு.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேள். சிலர் ஃபைல் பெயரைக் காட்டுவார்கள். அது 9999ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து ஓடும், மெனுவிலும் மாற்றிவிடலாம். கணக்கில் சேர்க்காதே. உன் கார்டைப் போட்டு நீயே ஒரு படம் எடு. அந்த ஒரிஜினல் ஃபைலை அப்படியே லேப்டாப்பில் ஏற்றி, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஷட்டர் கவுன்ட் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த விவரமெல்லாம் உதிர்ந்து போயிருக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சில சோனி மாடல்களில் எண்ணிக்கை 65,536ஐ எட்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதையும் தெரிந்துகொள். அப்படிப்பட்ட மாடலில் 8,000 என்று பார்த்தால், அது 73,000க்கு மேலும் இருக்கலாம். ஒலிம்பஸில் பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் திறக்கும் சர்வீஸ் பக்கத்தில் எண் இருக்கிறது. கேனன் ஆர் வரிசையில் பெரும்பாலும் படத்தின் ஃபைலில் எண் கிடைக்காது. நிக்கானின் சில இசட் மாடல்கள் மெக்கானிக்கல் ஷட்டரின் எண்ணிக்கையைத் தனியாகவே எழுதிவைக்கின்றன.

இனி அந்த எண்ணின் பொருளுக்கு வருவோம். ஏ7 IIIக்கு சோனி சொல்லும் ஷட்டர் ஆயுள் சுமார் 2 லட்சம். இது சோதனைக்கூடக் கணக்கு, உத்தரவாதம் அல்ல. அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு, பாதியில் நிற்பதும் உண்டு. இந்தக் கேமரா நொடிக்கு 10 படம் எடுக்கும். விடாமல் அழுத்தினால் 2 லட்சம் தீர ஐந்தரை மணி நேரம் போதும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுப்பவர் அறுபத்தாறு கல்யாணத்தில் அதைத் தொட்டுவிடுவார். உன் 42,000 என்பது பதினான்கு கல்யாணம். "அஞ்சு வருஷமா இதுலதான் தொழில்" என்று அவர் சொன்னால், மற்ற கல்யாணங்களை எதில் எடுத்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

"எல்லாம் சைலன்ட் மோடில் எடுத்தது, ஷட்டரே அடிக்கவில்லை" என்று பதில் வரலாம். ஏ7 III சென்சார் மெதுவாக வாசிப்பது. எல்.இ.டி. விளக்கு நிறைந்த மண்டபத்தில் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஓடும். தாலி கட்டும் நேரத்தை அப்படி எடுத்துத் தொலைக்க எந்தத் தொழில்காரரும் துணிய மாட்டார். "முழுக்க வீடியோதான்" என்றால் நம்பலாம். வீடியோவில் ஷட்டர் தேயாது. ஆனால் அப்போது ஹெச்டிஎம்ஐ சாக்கெட், ஹாட் ஷூ, பேட்டரி மூடி எல்லாம் தேய்ந்திருக்கும். கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பார். சென்சாரையும் பார்த்துவிடு. ரிசப்ஷன் மேடை லேசர் ஒரு கணம் பட்டாலே அதில் கோடு விழலாம். அது ஷட்டரைவிடப் பெரிய செலவு.

லென்ஸைக் கழற்றி "பாருங்க, எவ்வளவு சுத்தம்" என்று காட்டுவார். அங்கே தெரிவது சென்சார்தான். ஏ7 III ஆஃப் ஆகியிருக்கும்போது ஷட்டர் திறந்தே இருக்கும், அதன் இதழ்கள் கண்ணில் படாது. அதனால்தான் ஷட்டரைப் படத்தில் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனையைக் கடைக்குள் செய்யாதே. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கும், அந்தத் துடிப்பே படத்தில் பட்டை போட்டு உன்னைக் குழப்பும். பகலில் வெளியே வந்து, நிழல் சீராக விழுந்திருக்கும் ஒரு வெள்ளைச் சுவரைத் தேடு. மெனுவில் சைலன்ட் ஷூட்டிங்கையும் இ-ஃப்ரன்ட் கர்ட்டனையும் ஆஃப் செய். இ-ஃப்ரன்ட் கர்ட்டன் ஆனில் இருந்தால் முதல் திரையின் வேலையை சென்சாரே செய்துவிடும், உனக்குப் பாதி ஷட்டர்தான் தெரியும். மேனுவல் மோடில் எஃப்/4, ஐஎஸ்ஓ 100, 1/250 என்று ஒரு படம். பிறகு எஃப்/4, ஐஎஸ்ஓ 3200, 1/8000 என்று இன்னொன்று. இரண்டுக்கும் வெளிச்சக் கணக்கு ஒன்றே. இரண்டாவதில் கிரெய்ன் கூடலாம், வெளிச்சம் மாறக் கூடாது. 1/8000இல் இரண்டு திரைகளும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடுக்கை மட்டும் விட்டுக்கொண்டு சென்சாரைக் கடக்கின்றன. ஒரு திரை இம்மி பிந்தினாலும் இடுக்கின் அகலம் மாறி, படத்தின் மேல் ஓரமோ கீழ் ஓரமோ இருண்டுவிடும். நான்கு மூலையும் சமமாக மங்கினால் அது லென்ஸின் இயல்பு, இரண்டு படத்திலும் இருக்கும். ஒரே பக்கம் மட்டும், அதுவும் 1/8000இல் மட்டும் இருண்டால் ஷட்டர் தளர்ந்துவிட்டது.

அடுத்து 1/4000இல், தொடர்ந்து படமெடுக்கும் ஹை ப்ளஸ் மோடில் வைத்து மூன்று நொடி விடாமல் அழுத்து. சத்தம் ஒரே தாளத்தில் போக வேண்டும். படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் ஒன்றுகூட முன்பின் வெளிச்சத்தில் இருக்கக் கூடாது. ஃபிளாஷ் இருந்தால் 1/200இல் ஒரு படம் அடித்து, கீழ் ஓரத்தில் நிழல் விழுகிறதா என்று கவனி. விற்பவர் அவசரப்படுத்தினால் நீ நிதானமாகவே செய்.

ஷட்டர் மாற்றியது என்றால் பயப்படாதே. பில்லைக் கேட்டு வாங்கிப் பார். அசல் பாகம் போட்டு மாற்றியிருந்தால், தேய்ந்த ஷட்டரைவிட அது உனக்கு லாபம். மாற்றாத, எண் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய கேமரா என்றால், போவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் ஷட்டர் மாற்றும் செலவைக் கேட்டுவைத்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேள். அவர் ஒப்புக்கொண்டால் தாராளமாக வாங்கலாம்.

முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் ஒரு வாரத் தவணை பேசிப் பார். அந்த வாரத்தில் தெரிந்தவர் வீட்டு விசேஷம் ஒன்றில், வேறொரு கேமராவும் கையில் இருக்கும்படி, இதை நன்றாக ஓட்டு. பெண்ணைப் பெற்றவர் உன்னை நம்பி மேடைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கும் நாளில் இதன் ஷட்டர் முதல்முறையாகச் சோதிக்கப்படக் கூடாது. டெஸ்ட் படங்களை எடுத்ததும் ஒரிஜினல் ஃபைலாகவே எனக்கு மெயிலில் அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்