சொல்லாத வலி

“வலி இருக்கிறதா, தம்பி?” என்று மருத்துவர் வினவுகிறார். எலும்புப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுவரும் பதினேழு வயது மாணவன், அருகில் நிற்கும் தாயின் முகத்தை ஒருகணம் நோக்குகிறான். “இல்லை” என்கிறான். புற்றுநோய்ப் பிரிவுகளில் பணிபுரிவோர் நன்கறிந்த காட்சி இது. வலி இருக்கிறது, சொன்னால் அம்மா கலங்குவார், நோய் முற்றிவிட்டதென அஞ்சுவார் என்பதாலேயே அவன் மறைக்கிறான்.

நோயாளியின் துன்பத்தைத் தணித்து, அவர் வாழும் நாள்களைச் செம்மையாக்கும் மருத்துவத்துறை நோய்த்தணிப்புப் பராமரிப்பு எனப்படும். அது இறுதி நாள்களுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. அது பிழை. நோய் கண்டறியப்பட்ட காலத்திலிருந்தே, குணப்படுத்தும் மருத்துவத்தோடு சேர்த்து இதனையும் வழங்கலாம். முழுமையாகக் குணமடையக்கூடியவர்களுக்கும் இது தேவைப்படும்.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவம் பயின்ற அவர், 1967ஆம் ஆண்டு லண்டனில் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தை நிறுவினார். உடல் நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் குறித்த கேள்வி ஆகிய அனைத்தும் பின்னிப் பிணைந்ததே நோயாளியின் வலி என்றுணர்ந்து, அதனை ‘முழுவலி’ என்னும் கருத்தாக அவர் விளக்கினார்.

இளையோரிடத்தில் இப்பின்னல் மேலும் சிக்கலானது. உதிர்ந்த தலைமுடி, எழுதமுடியாமற்போன தேர்வு, மெல்ல வருகையைக் குறைத்துக்கொண்ட நண்பர்கள், தன் மருத்துவச் செலவால் தடைப்படும் தங்கையின் படிப்பு, வருங்காலத்தில் குழந்தைப்பேறு வாய்க்குமா என்னும் ஐயம் ஆகியவற்றை எந்த ஊடுகதிர்ப் படமும் காட்டாது. சுழியம் முதல் பத்து வரையிலான எண்ணால் வலியை அளக்கச் சொல்வதுண்டு. சிறுவர்க்கு முகப்படங்கள் உதவும். பதினேழு வயதினனிடம் அப்படங்களை நீட்டினால் அவன் சிரித்துவிடவும் கூடும்! “நேற்றிரவு எத்தனை முறை விழித்தாய்? எதைச் செய்ய முடியாதது உன்னை மிகவும் வருத்துகிறது?” என்னும் வினாக்களே அவனைப் பேசவைக்கும். உரையாடலின் ஒரு பகுதியேனும் பெற்றோர் இல்லாத தனிமையில் நிகழ வேண்டும். ஒருமுறை கேட்டதும் போதாது; மருத்துவமுறை மாறும்போதும் நோய் மீளும்போதும் புதிதாகக் கேட்க வேண்டும்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள், கடும்நோயுற்ற இளையோரிடமே கருத்துக் கேட்டு, அவர்தம் விருப்பங்களை எழுதிவைப்பதற்கான ஏடு ஒன்றை உருவாக்கினர். எவ்வாறு ஆறுதல் வேண்டும், தன்னால் இயலாதபோது யார் முடிவெடுக்க வேண்டும் என்பனவற்றை நோயுற்றவரே அதில் குறிக்கலாம்.

அம்மாணவனின் தாய் மருந்து வாங்கச் சென்றபோது, மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து மீண்டும் கேட்கிறார். “இரவில்தான் தாங்க முடியவில்லை, ஐயா. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.” இப்போது இரு தேவைகள் புலனாகின்றன. இரவுக்கான வலி மருந்தை அன்றே மாற்றலாம். தாயும் மகனும் அஞ்சாமல் பேசிக்கொள்வதற்கோ, இன்னும் சில நாள்களும் பொறுமையாக உடனிருக்கும் ஓர் ஆற்றுப்படுத்துநரும் வேண்டும்.