விழுவோமென்ற பயம்



முதியோர் சிலர் ஒருமுறை கால் இடறியதும் பூசைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். வீட்டாரும் "சும்மா உட்காருங்கள்" என்கிறார்கள். ஆனால் நடவாத கால் நாளுக்கு நாள் பலமிழக்கும். பலமிழந்த கால் வீட்டுக்குள்ளேயே விழச்செய்யும். இதை முன்னதாக அறிய இரு சோதனைகள் உண்டு.

முதலாவது, மனத்தின் சோதனை. 1995-ஆம் ஆண்டில் கனடா தேசத்தில் பவல், மையர்ஸ் என்னும் இருவர் 16 கேள்விகளை வெளியிட்டார்கள். இன்ன வேலையைத் தடுமாறாமல் செய்ய எவ்வளவு நம்பிக்கை உண்டென்று, பூஜ்யம் முதல் 100 வரை முதியவரே சொல்லவேண்டும். உறைபனிமேல் நடப்பதும் அக்கேள்விகளில் ஒன்று! நாம் நெம்மேலிக்குத் தக்கபடி கேட்போம்: மணலில் நடக்க, பஸ்ஸைவிட்டு இறங்க, கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்க, குனிந்து செருப்பை எடுக்க, கூட்டத்தில் நன்மை வாங்கப் போக எவ்வளவு தைரியம்? எந்த வேலைக்குப் பயம் என்று அறிவதே இதன் பயன்.

இரண்டாவது, காலின் சோதனை. கைப்பிடியுள்ள நாற்காலியில் முதியவரை உட்காரவையுங்கள். அவர் எழுந்து, வழக்கமான நடையில் 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்காரவேண்டும். கைத்தடி பிடிப்பவர் பிடிக்கலாம். ஒருவர் அருகில் நிற்க, மற்றொருவர் கடிகாரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை தேவை.

இனி இரண்டையும் ஒப்பிடுங்கள். கால் நன்றாயிருந்து மனம் அஞ்சினால், துணையோடு தினமும் சிறிது நடக்கப் பழக்குங்கள். மனம் துணிந்து கால் தளர்ந்தால் ஆபத்து மிகுதி. கைத்தடி வேண்டாமென்பவர் இவரே. இரண்டும் குறைந்தாலோ, கடந்த ஓராண்டில் விழுந்திருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தக் கொதிப்பு, தூக்க மருந்துகளாலும் தலை சுற்றலாம்; ஆனால் வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. கண்ணையும் சோதிக்கவேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உடற்பயிற்சி சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. சுகாதார ஊழியரைக் கேளுங்கள்.

வீட்டிலும் கவனம் வேண்டும். குளிக்குமிடத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவரில் கைப்பிடி வையுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். முதியோர் படுக்கையைவிட்டு உடனே எழாமல், சற்று உட்கார்ந்து எழுவார்களாக.

முதிர்ந்த வயதிலும் அன்னாள் தேவாலயத்தை விட்டு நீங்கவில்லை; அதனால் அன்றோ பாலனாகிய இரட்சகரைக் காணும் பாக்கியம் பெற்றாள்! பெற்றோரைச் சங்கிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை, சோறு போடுவதோடு முடிந்துவிடாது. வாலிபரே, வரும் ஞாயிறு உங்கள் தெருவில் வீட்டோடு தங்கிவிட்ட ஒருவருக்குக் கைகொடுத்துப் பூசைக்கு அழைத்து வாருங்கள். சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்