கோழி அடைப்பின் தரை: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

கோழி அடைப்பு ஈரமில்லாமல் இருக்கத் தரையில் என்ன போடலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கூரைக்கு உள்ளேயா, வெளியேயா? பலரும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டகைக்குள் நன்றாக வேலை செய்த அதே பொருள், வெளியே போனதும் ஒரே மழையில் சேறாகிவிடுகிறது. பொருள் மோசமில்லை, போட்ட இடம்தான் சரியில்லை.

எங்கள் பக்கம் டெல்டா களிமண். ஐப்பசி, கார்த்திகையில் அடைப்புக்குள் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும். அந்தச் சேற்றில் கோழி நிற்பதால் வரும் பெரிய ஆபத்து ரத்தக் கழிச்சல். இந்த நோய்க் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும்போது நோய் தரும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால், ஒன்றிரண்டு நாளில் முற்றி நோய் தரக்கூடியதாக மாறும். தரை காய்ந்திருந்தால் அதில் பெரும்பகுதி முற்றுவதில்லை. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள்தான் இதில் அதிகம் சாகின்றன. ஐப்பசியில் பொரித்த குஞ்சுகளில் பாதி தை மாதத்தைப் பார்க்காமல் போவதற்குக் காரணம் காலடியில் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. (வெள்ளைக் கழிச்சல் வேறு சங்கதி. அது வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். தரை எவ்வளவு காய்ந்திருந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது.)

வங்கியில் வரவு செலவு பார்த்தே காலம் போனதால் எனக்கு எதையும் வரவிலிருந்து தொடங்கும் பழக்கம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 20 அடிக்கு 15 அடி அடைப்பு என்றால் ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஒரு இரவில் 5 சென்டிமீட்டர் மழை எங்களுக்குப் புதிதல்ல. அடைப்புக்குள் விழுவது 1,400 லிட்டர். பக்கத்தில் 12 அடிக்கு 10 அடி கொட்டகைக் கூரை இருந்தால் அதன் தண்ணீர் இன்னொரு 550 லிட்டர். அதுவும் பரவலாக விழாது, தாழ்வாரத்து ஓரமாக ஒரே கோட்டில் கொட்டும். இத்தனையையும் நாலு மூட்டை உமி குடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

எங்கள் தெருவில் ஐம்பது வருஷமாகக் கோழி வளர்க்கும் அக்கா ஒருவர், "ரெண்டு மூட்டை உமிய அடிச்சு விட்டாப் போதாதா தம்பி?" என்று கேட்டார். "போதும் அக்கா, கூரைத் தண்ணிய வெளிய திருப்பி விட்டீங்கன்னா" என்றேன். பிவிசி குழாயைப் பாதியாகப் பிளந்து தாழ்வாரத்தில் கட்டிக் கொடுத்தோம். தாழ்வாரத்து ஓரத்தில் மழைக்கு மழை விழும் பள்ளம் அதோடு நின்றது. கூளம் வாங்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். தரையைச் சுற்றியுள்ள நிலத்தைவிட அரை அடியாவது உயர்த்தி, ஒரு பக்கம் சரிவு விட்டு, மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு வரப்பும் வடிகாலும் போட்டுவிடுங்கள்.

அதற்கப்புறம் பொருளுக்கு வருவோம். கூரைக்கு உள்ளே மழை இல்லை. அங்கே ஈரம் வருவது எச்சத்திலிருந்தும் தண்ணீர்த் தட்டிலிருந்தும்தான். கோழி எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே உள்ளே உறிஞ்சும் பொருள் வேண்டும். கிளறிவிட்டால் காற்றில் அந்த ஈரத்தை விட்டும் விட வேண்டும். வெளியே கதை தலைகீழ். அங்கே உறிஞ்சும் பொருள் போட்டால் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு நாட்கணக்கில் விடாது. தண்ணீரைத் தன் வழியே கீழே இறக்கி விட்டுவிட்டு, மேலே காலுக்குக் காய்ந்த தளம் தரும் பொருள்தான் வெளியே தேவை.

சோதிப்பது சுலபம். அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளிகளில் உங்களுக்குக் கிடைக்கும் பொருள்களை ஒரே அளவு நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் கீழே எவ்வளவு வந்தது என்று பாருங்கள். மறுநாள் கையை விட்டுப் பாருங்கள். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத கணக்கு அது! கட்டைவிரல் அளவுக்குக் கொத்திய தேங்காய் மட்டை, பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். ஒரே தேங்காயிலிருந்து வந்தவைதான் இரண்டும்.

நார்க்கழிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டகைக்குள் நான் மூன்று பங்கு உமிக்கு ஒரு பங்கு காய்ந்த நார்க்கழிவு கலந்து, மழைக்காலத்தில் நாலைந்து அங்குலம் போடுகிறேன். உமி மட்டும் என்றால் பொலபொலவென்று இருக்கும், ஆனால் அதிகம் உறிஞ்சாது. நார்க்கழிவு மட்டும் என்றால் அடை தட்டிவிடும். தச்சுப் பட்டறை மரச்சீவல் இரண்டையும்விட நல்லது. பிளைவுட் இழைத்த சீவலை மட்டும் வாங்காதீர்கள், அதில் பசை இருக்கும். முதல் சில நாள் குஞ்சுகளுக்கு எதைப் போட்டாலும் மேலே செய்தித்தாள் விரியுங்கள். இல்லாவிட்டால் தீவனம் என்று நினைத்து உமியையும் மரத்தூளையும் கொத்தித் தின்னும்.

வைக்கோலை முழுசாகப் போடுவதை நான் விரும்புவதில்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பாய் போலப் படிந்து பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத் தூள் குஞ்சுகளின் நுரையீரலுக்குள் போனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மாட்டுக்குப் போக மிஞ்சினால் மூன்று அங்குலமாக நறுக்கிப் போடலாம். கடலைத் தோலும் நல்ல கூளம்தான், ஆனால் நனைந்து கறுத்ததைத் தொடவே வேண்டாம். அதில் வரும் பூசண நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. தூசி பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, அதுவும் மூச்சுக்கு ஆகாது. அம்மோனியா நெடியை நின்றபடி பார்க்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மோந்து பாருங்கள். நெடி அடித்தால் சிலர் உடனே சுண்ணாம்பைத் தூவுகிறார்கள். ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பு விழுந்தால் அம்மோனியா இன்னும் அதிகமாகத்தான் கிளம்பும். அடை பிடித்த இடத்தை வெட்டி வெளியே எடுத்து, வெறும் தரையில் சுண்ணாம்பு தூவி, காய்ந்த பிறகு புதுக் கூளம் போடுங்கள். அடை பெரும்பாலும் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் இருக்கும். நாலு செங்கல் மேல் கம்பி வலை வைத்து அதன் மேல் தட்டை வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

வெளியே முழு இடத்தையும் மூட வேண்டியதில்லை. கதவடி, தீவனம் வைக்கும் இடம், தாழ்வாரத்து ஓரம், இந்த மூன்றும்தான் சேறாகும். அங்கே மண்ணை அரை அடி எடுத்துவிட்டு, அடியில் உடைந்த செங்கல் துண்டுகளை நிரப்பி, மேலே நாலு அங்குலம் கொத்திய மட்டை போட்டிருக்கிறேன். செங்கல் முனை வெளியே தெரியக் கூடாது. காலைக் கிழித்தால் பாதம் வீங்கிச் சீழ் வைக்கும். மட்டைக்குப் பதில் கிளைரிசிடியா குச்சிகளை விரல் நீளம் ஒடித்தும் போடலாம். வேலிக்கருவை மட்டும் வேண்டாம், முள். மட்டை மக்கத் தொடங்கினால் நார்க்கழிவு மாதிரியே தண்ணீர் பிடிக்கும், எனவே ஒவ்வொரு ஆவணியிலும் மாற்றிவிடுகிறேன். புல் வளர்க்கலாமே என்பீர்கள். கோழி கொஞ்சமும் இடம் நிறையவும் இருந்து, அடைப்பை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விட முடிந்தால் அருகு நிற்கும். சிறிய அடைப்பில் ஒரு வாரம் தாங்காது.

உமியை மழை தொடங்கிய பிறகு தேடாதீர்கள். அரிசி ஆலைக்காரர்கள் அதைக் கொதிகலனில் எரிக்கிறார்கள், முன்பே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். ஆவணிக்குள் வாங்கிக் காயவைத்துக் கூரைக்கடியில் கட்டி வையுங்கள்.

மாசியில் எடுக்கும் பழைய கூளத்தைச் சாணத்தோடு குவித்து, ஈரம் தெளித்து, பலமுறை புரட்டி மட்கவிட்ட பிறகே வயலுக்குக் கொண்டுபோகிறேன். உமி மட்க நாளாகும், ஆனால் எங்கள் இறுகிய களியில் அது காற்றுக்கு வழி விடுகிறது. ரத்தக் கழிச்சல் கண்ட கூளத்தைத் தனிக் குவியலாக, கோழிகள் வந்து கிளற முடியாத இடத்தில் போடுங்கள். அதைக் கிளறிய மண்வெட்டியையும் கழுவி வெயிலில் வைத்த பிறகே குஞ்சுக் கொட்டகைக்குள் எடுத்துச் செல்லுங்கள்.