சாலையில் கிடக்கும் பல்லாவரத்துப் பாறை

மாணவர்களே, தெருவில் சாலை போடக் கொட்டியிருக்கும் கருங்கல் ஜல்லியில் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வினமே. அதை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர் 1893-இல் இப்பெயரைச் சூட்டினார்.

இத்தனை உறுதியான கல்லிருந்தும் ஒரே மழையில் சாலை பெயர்வதேன்? குற்றம் கல்லினுடையதன்று. கல்லின் பரப்பில் தாரைவிட (சரியாகச் சொன்னால், பிட்டுமெனைவிட) நீர் எளிதில் ஒட்டும். வெடிப்பில் புகுந்து தேங்கிய நீர், மெல்ல மெல்லத் தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடுகிறது. அதன்மேல் பேருந்துச் சக்கரம் ஏறினால்? நீரை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். அழுத்தம் எல்லாத் திசையிலும் பரவி ஜல்லியைப் பெயர்க்கிறது. பாடத்தில் படித்த பாஸ்கல் விதிதான்!

ஆகவே நீர் வடியவேண்டும். நடுச்சாலையைச் சற்று மேடாக அமைப்பது இதற்காகவே. ஆனால் பழைய படலத்தைச் சுரண்டாமல், 4 செ.மீ. கனத்தில் ஐந்து முறை போட்டால் சாலை 20 செ.மீ. உயர்ந்துவிடும், வாசற்படி உயராது. வடிந்த நீர் வீட்டுக்குள்தான் வரும். மாம்பலம் ஏரியை வற்றச்செய்து 1920-களில் எழுப்பிய தியாகராய நகரில் இது விளையாட்டல்ல.

உங்கள் வாசற்படி சாலையைவிட எத்தனை செ.மீ. உயரம்? அளந்து பாருங்கள். முன்பு எத்தனை படி ஏறினார்கள் என்று தாத்தாவிடம் கேளுங்கள்.