டேஷ்போர்டு முள் ஏன் நகரவில்லை? பழைய டிராக்டருக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தியம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் டிராக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வேர்டோ எக்ஸெலோ அல்ல. ஒன்று வேலை செய்யாதபோது கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை. அதைக் கற்றுக்கொள்ள டிராக்டர் டேஷ்போர்டு நல்ல இடம். கம்ப்யூட்டரில் தவறு செய்தால் ஃபைல் போகும். டிராக்டரில் எஞ்சினே போகும்.

எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். மேற்கே மலை, ஊரைச் சுற்றி நெல், கரும்பு, எலுமிச்சை. டிராக்டர் இல்லாமல் இங்கே ஒரு நாளும் ஓடாது. சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குஸன் டிராக்டர்களை 1960-களிலேயே தயாரிக்கத் தொடங்கிவிட்டதால், முப்பது நாற்பது வயதான டிராக்டர்கள் நம் மாநிலத்தில் சாதாரணம். எஞ்சின் ஜம்மென்று ஓடும். டேஷ்போர்டில் மட்டும் ஒரு முள்ளும் அசையாது. என் சித்தப்பாவிடம் இருப்பதும் அப்படி ஒரு பழைய வண்டிதான். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று டேங்க்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். சூடு எவ்வளவு என்று ரேடியேட்டர் பக்கம் கையைக் காட்டிப் பார்ப்பார். "முள்ளு இல்லாம இத்தனை வருஷம் ஓட்டலையாப்பா?" என்பது அவர் வாதம். கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது ஃபேன் பெல்ட் அறுந்தால், ரேடியேட்டர் கொதித்து ஆவி வருவதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடலாம். டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்தால் முள் ஏறும்போதே வண்டியை ஓரங்கட்டலாம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு முழு டேஷ்போர்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்போம் என்று விடுமுறையில் உட்கார்ந்தேன்.

முதலில் கேமரா, பிறகுதான் ஸ்பேனர்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டவுடன் பொறி பறக்கும். கையில் மோதிரம், கடிகாரம் வேண்டாம்.

டேஷ்போர்டைத் திறந்ததும் எதையும் பிடுங்காதீர்கள். செல்போனில் போட்டோ எடுங்கள்: மொத்தமாக ஒன்று, ஒவ்வொரு மீட்டரின் பின்புறமும் தனித்தனியாக ஒன்று. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அவற்றைக் காப்பி செய்து, "டெம்ப் மீட்டர் பின்புறம்" என்பது போலப் புரியும் பெயர் வையுங்கள். போன் தானாக வைக்கும் நம்பர் பெயரை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

அடுத்து எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் ஒரு பட்டியல் போடுங்கள். வயர் எண், நிறம், எங்கிருந்து, எங்கே, சாவி போட்டால் எத்தனை வோல்ட் என்று ஐந்து காலம் போதும். பழைய வண்டியில் வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். யார் யாரோ கையில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வயருக்கும் ஒரு டேப்பைச் சுற்றி எண் எழுதிவிட்டால், பட்டியலில் உள்ள எண்தான் அதன் உண்மையான பெயர்.

பாதியாக வெட்டிப் பார்ப்பது

சாஃப்ட்வேரில் தவறு தேடும்போது ஆயிரம் வரிகளையும் முதலிலிருந்து படிக்க மாட்டோம். நடுவில் நின்று, இதுவரை சரியா என்று பார்ப்போம். சரி என்றால் கோளாறு பின்பாதியில். இல்லை என்றால் முன்பாதியில். உங்கள் வீட்டில் மானிட்டர் கறுப்பாக இருந்தால் இதையே செய்யலாம். மானிட்டரை ஆன் செய்து, சி.பி.யூ.வோடு இணைக்கும் கேபிளைக் கழற்றுங்கள். திரையில் "நோ சிக்னல்" போன்ற செய்தி வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, கேபிளையும் சி.பி.யூ.வையும்தான் பார்க்க வேண்டும். கடைக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது என்பது இந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டெம்பரேச்சர் மீட்டரும் இப்படித்தான். எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சிறிய பித்தளை உருப்படிதான் சென்சார். அதன் உள்ளே தெர்மிஸ்டர் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அதிகம். சூடு ஏற ஏறக் குறையும். சென்சாரிலிருந்து ஒரே ஒரு வயர் மீட்டருக்குப் போகிறது. திரும்பி வரும் பாதை எஞ்சினின் இரும்புதான். அதைத்தான் எர்த் என்கிறோம். கம்ப்யூட்டர் மதர்போர்டிலும் தெர்மிஸ்டர் உண்டு. பயாஸ் திரையில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் சிஸ்டம் டெம்பரேச்சர் பெரும்பாலும் அதிலிருந்து வருவதே.

இப்போது பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். சென்சாரிலிருந்து வயரைக் கழற்றுங்கள். முள் குளிர்ந்த பக்கம் நிற்க வேண்டும். அந்த வயரின் முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் இரண்டு மூன்று விநாடி மட்டும் தொடுங்கள். முள் சூடான பக்கம் ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் சரி, வயரும் சரி; சென்சாரையோ அதன் எர்த்தையோ பாருங்கள். ஏறவில்லையா? மீட்டரின் பின்னால் சென்சார் முனையை நேரடியாக எர்த் செய்து பாருங்கள். அப்போது ஏறினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அப்போதும் ஏறாமல், மீட்டருக்கு மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருந்தால்தான் மீட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். பழைய மீட்டர்களில் முள் மெதுவாக ஏறும். உள்ளே சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை இருப்பதால் அப்படி. அது கோளாறு அல்ல.

சித்தப்பா வண்டியில் வயரைத் தொட்டதும் முள் எழுந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சென்சாரைக் கழற்றி, வெந்நீரில் நுனியை வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். நீர் ஆற ஆற மின்தடை ஒழுங்காக ஏறியது. சென்சாரும் சரி. பிறகு என்ன? மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பை யாரோ அடர்த்தியாகச் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் கசியக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்தது. சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப் அதைத் தடுத்துவிட்டது. டேப்பை எடுத்து, மரையைத் துடைத்துத் திருகியதும் மீட்டர் வேலை செய்தது. செலவு பூஜ்யம்.

எல்லா வண்டியிலும் இந்தச் சோதனை பொருந்தாது. சில பழைய டிராக்டர்களில் டெம்பரேச்சர் மீட்டருக்கு வயரே கிடையாது. மெல்லிய செம்புக் குழாய் ஒன்று நேராக எஞ்சினுக்குப் போகும். அந்தக் குழாயை மடக்கினாலோ வெட்டினாலோ மீட்டர் அவ்வளவுதான்.

டேங்க் நிரம்பினால் காலி என்று காட்டும் மீட்டர்

டீசல் மீட்டரின் கதை வேறு. டேங்க்கினுள் மிதவை ஒன்று ஏறி இறங்கும்; அதற்கேற்ப மின்தடை மாறும். உலகம் முழுக்க இதற்கு ஒரே அளவு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமெரிக்க முறையில் காலி டேங்க் என்றால் 240 ஓம், நிரம்பினால் 33 ஓம். ஐரோப்பிய முறை ஒன்றில் காலி 10 ஓம், நிரம்பினால் 180 ஓம். இரண்டும் நேர் எதிர். ஒரு முறையில் செய்த மிதவையையும் இன்னொரு முறையில் செய்த மீட்டரையும் சேர்த்து மாட்டினால் டேங்க் நிரம்பும்போது முள் காலிக்கு இறங்கும்.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் டைப் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஃபாண்டில் அடித்த கடிதத்தை வேறு ஃபாண்டில் திறந்தால் ஒரு எழுத்தும் புரியாது. கடிதத்திலும் தவறில்லை, கம்ப்யூட்டரிலும் தவறில்லை. இரண்டும் வேறு வேறு பாஷை பேசுகின்றன. ஆகவே மீட்டர் வாங்கப் போகும் முன் மிதவையைக் கையால் அடியிலும் உச்சியிலும் வைத்து ஓம் அளந்து பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் வண்டியின் மாடலைச் சொல்வதைவிட இந்த இரண்டு எண்களைச் சொல்வது நல்லது.

எல்லா எலக்ட்ரிக் மீட்டர்களும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டினால் ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள். பொதுவான காரணம் ஒன்று இருக்கும். பிரிட்டனின் ஸ்மித்ஸ் மீட்டர்களைப் போன்ற பழைய அமைப்பில், மீட்டர்களுக்கு முன்னால் சிறிய தகரப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரி 10 வோல்ட் ஆக்கும் ஸ்டெபிலைசர் அது. அதன் எர்த் துருப்பிடித்தால் முழு 12 வோல்ட்டும் உள்ளே போய் எல்லா முள்ளும் ஏறி நிற்கும்.

மோட்டார் படகுகளிலும் இதே மீட்டர்கள், இதே ஓம் கணக்குதான். கடலில் உப்புக் காற்று கூடுதல் எதிரி. சாதாரணச் செம்பு வயரின் உள்ளே பச்சைப் பாசி போல அரிப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால், படகுக்கு ஈயப்பூச்சு போல வெள்ளீயம் பூசிய வயர் போடுவார்கள். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் எஞ்சின் அறைக்குள் சாதாரண சுவிட்ச் வைக்கக்கூடாது. ஒரு சிறு பொறி போதும்.

சுவிட்ச் எரிந்துபோவது ஏன்?

ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் எல்லோரும் பல்பைத்தான் மாற்றுவார்கள். லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சுவிட்சின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். நல்ல சுவிட்சில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே கரி பிடித்திருக்கிறது.

ஒரு வோல்ட் போனால் என்ன என்று நினைக்காதீர்கள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட்; 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். ஒரு வோல்ட் சுவிட்சில் தங்கினால் 9 வாட் வெப்பம் அந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்குள். பழைய சுவிட்சுகள் உருகியிருப்பதன் ரகசியம் இதுதான். வெளிச்சமும் கால்வாசி குறைந்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து பலமுறை ஆன், ஆஃப் செய்தால் சில சுவிட்சுகள் பிழைக்கும். ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே போட்டுவிடுவது என் கட்சி. சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கும்; பெரிய கரன்ட் ரிலே வழியாக, ஃப்யூஸோடு போகும்.

ஆம்ப் மீட்டரின் பின்னால் உள்ள நட்டுகளைக் கட்டாயம் பாருங்கள். பழைய வண்டிகளில் பேட்டரிக்குப் போகும் சார்ஜிங் கரன்ட் முழுவதும் இதன் வழியாகத்தான் போகிறது. நட்டு தளர்ந்தால் அங்கே சூடேறி வயர் கருகும். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள். பேட்டரி சரியாக இருக்கிறதா என்பதற்கு ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவு என்று நினைவில் வையுங்கள்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி பல டிராக்டர்களில் ஒரு சேஃப்டி சுவிட்ச் உண்டு. அது கெட்டதும் இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிடுவது நம் ஊர்ப்பக்கம் வழக்கம். இன்னும் சிலர் கீழே நின்றபடி ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்வார்கள். கியரில் இருந்தால் வண்டி அப்படியே பாயும். பின் சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் தப்ப வழியில்லை. உலகம் முழுக்க டிராக்டர் சாவுகளுக்கு இது தெரிந்த காரணம்.

சித்தப்பா வண்டியிலும் வயர்களை முறுக்கித்தான் வைத்திருந்தார்கள். "அது பாட்டுக்கு ஓடுது, அதை ஏன்பா தொடுறே?" என்றார். மீட்டர்களை விட்டாலும் விடுவேன், இதை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே தென்காசி போய் புது சுவிட்ச் வாங்கி வந்தார். மாட்டியபின் யாரும் இல்லாத திறந்த இடத்தில், சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச்சும் பிரேக்கும் முழுக்க மிதித்து, கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் சத்தமே வரவில்லை. அதுதான் வேண்டும். சில மாடல்களில் இந்த சுவிட்ச் கிளட்ச் பெடலில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

கையால் இயக்கும் ஆக்ஸிலரேட்டர், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இரண்டுக்கும் எலக்ட்ரானிக்ஸ் தேவையில்லை. கேபிளுக்குள் நீர் புகுந்து துருவேறியிருந்தால் புதிது போடுங்கள். இழுத்தவுடன் எஞ்சின் நிற்காத ஸ்டாப் கேபிளை எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

மணிக்கணக்கு காட்டும் மீட்டரை மாற்றினால் பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் தேதியையும் பட்டியலில் எழுதுங்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் எஞ்சினின் சுற்றுகளை எண்ணுவது, கடிகாரம் அல்ல. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் அதன் ஒரு மணி, நம் ஒரு மணி. மெதுவாக ஓடினால் மீட்டரும் மெதுவாகவே ஏறும். புது எலக்ட்ரானிக் மீட்டர்களில் பல, சாவி போட்டிருக்கும் நேரத்தை எண்ணும். ஆயில் மாற்றும் கணக்கு இதனால் மாறிவிடும்.

வேலை முடிந்ததும் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு டூல் பாக்ஸில் வையுங்கள். போட்டோக்களோடு ஒரு காப்பியை பென் டிரைவில் போட்டு உங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் இன்னும் இரண்டு வண்டிகளுக்கும் இதுபோல எழுதித்தரச் சொல்லியிருக்கிறார். அடுத்த விடுமுறைக்கு வேலை தயார்.