துள்ளும் முள்ளும் கொதிக்கும் நீரும்

வெப்பவியல் பாடத்தில் தன்வெப்ப ஏற்புத்திறன் படித்திருக்கிறோம். தண்ணீருக்கு அது ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல். தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகும் எண்களில் ஒன்று! வாடகைக் கார் ஓட்டும் என் மாமாவுக்கு அந்த எண் இரண்டு மாத வருமானத்தை மிச்சப்படுத்தித் தந்தது. எவ்வாறு என்று சொல்லவே இக்கட்டுரை.

மாமாவின் பழைய காரில் ஒரு விசித்திர நோய். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும். ஊருக்குள் நெரிசலில் நின்றால் சில நாள் மட்டும் பானட்டிலிருந்து ஆவி கிளம்பும். அப்போதும் வெப்பமுள் பாதிக்குக் கீழேயே நிற்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் நோய் மறைந்துவிடும். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். காரின் தவணையும் என் விடுதிக் கட்டணமும் அந்த ஓட்டத்திலிருந்தே வர வேண்டும்.

"மாமா, முள் மெதுவா இறங்குதா, சட்டுனு விழுதா?" என்று கேட்டேன்.

"சட்டுனு விழுதுடா மாப்ளே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திரும்ப ஏறிடுது."

இங்கேதான் நமது பாடம் வருகிறது. எஞ்சினில் 5 கிலோ நீர் என்று கொள்வோம். அது 30 டிகிரி குளிர 630 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஒரே நொடியில் என்றால் 630 கிலோவாட்! சிறிய காரின் எஞ்சின் முழுமூச்சாக உழைத்தாலும் தருவது 50, 60 கிலோவாட்தான். ஆகவே துள்ளியது நீரின் வெப்பம் அன்று. மின்கம்பியில் வந்த செய்தி.

அச்செய்தியை அனுப்புவது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் வகையில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2500 ஓம். 100 டிகிரியில் 200 ஓமுக்கும் சற்றுக் குறைவு. கம்பி இணைப்பில் களிம்பு பிடித்து 300 ஓம் கூடிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி 65 டிகிரி என்று எண்ணிக்கொள்ளும். விசிறியைச் சுழற்றாது. ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றும். நின்றால் யார் காப்பாற்றுவது? சென்சார் கோளாறு என்று தொடங்கியது உண்மையான கொதிப்பாகவே முடிகிறது. இந்தச் சங்கிலிதான் இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது.

ஞாயிறன்று, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரால் அளந்தோம். சென்சாரைத் தனியே கழற்றி அளந்தால் அளவு அசையவில்லை. அதை மறுபடி மாட்டி, மின்னணுப் பெட்டிப் பக்கத்துப் பிளக்கைக் கழற்றி அங்கிருந்து அளந்துகொண்டே கம்பியை ஆட்டினால், அளவு 200க்கும் 500க்கும் இடையே ஊஞ்சலாடியது. சென்சார் நிரபராதி! அதன் பிளக்கைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே பச்சைக் களிம்பு. பிளக்கையும் ஒரு சாண் கம்பியையும் மாற்றியதோடு சரி. விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் நல்ல சென்சாரையே திரும்பத் திரும்ப மாற்றுவது இதனால்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். கேஸ்கெட் ஐயத்தையும் விட்டுவிடவில்லை. மறுநாள் எஞ்சின் ஆறியிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுப் பார்த்தோம். ஓயாமல் குமிழி வரவில்லை.

முள் நிதானமாக ஏறினால் கதை வேறு. நீர் உண்மையிலேயே கொதிக்கிறது. நெரிசலில் மட்டும் ஏறினால் விசிறி, அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். மேட்டிலும் வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்பு. நீர் வடிந்துபோய்ச் சென்சார் வெற்றிடத்தில் நின்றாலும் முள் தணிவாகக் காட்டக்கூடும். ஆகவே எதற்கும் முன்னர் நீர்மட்டம் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். மூடிக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருப்பதால் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். சூட்டில் திறந்தால் அழுத்தம் போய், நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பாயும்.