டிரெய்லர் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர்: பார்த்து வாங்குவது எப்படி?

கரும்பு அரவைப் பருவத்தில் டிராக்டர் டிரெய்லர்களுக்கு ஓய்வு கிடையாது. வெட்டு உத்தரவு கிடைத்ததும் கரும்பை வெட்டி, கட்டி, ஏற்றி, தாமதமின்றி ஆலையில் சேர்க்க வேண்டும். வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். இந்த நேரத்தில் டிரெய்லரின் ஒரு டயரில் காற்று இறங்கியிருந்தால், பஞ்சர் கடைக்குப் போய் வருவதற்குள் அரை நாள் வீணாகிவிடும். அதற்கு அஞ்சிப் பலர் குறைந்த காற்றுடனேயே பாரத்தை ஏற்றி விடுகிறார்கள். டயர் வெடிப்பதற்கும் டிரெய்லர் சாய்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

வீட்டிலேயோ களத்திலேயோ ஒரு சிறு கம்ப்ரஸர் இருந்தால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் கடைகளில் பல வகைக் கம்ப்ரஸர்கள் விற்கப்படுகின்றன. எதை வாங்குவது, அதன்மேல் எழுதியிருக்கும் எண்களில் எதை நம்புவது என்பதை அறிந்துகொண்டு வாங்கினால் பணம் வீணாகாது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

பாரம் ஏற்றிய டயரில் காற்று குறைவாக இருந்தால் அதன் பக்கச் சுவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கின்றன. இதனால் டயருக்குள் சூடு ஏறி, நூல் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. டியூப் நசுங்கிக் கிழிகிறது. டிரெய்லர் இழுவை கனமாகி டிராக்டருக்கு டீசல் கூடுதலாகச் செலவாகிறது. ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களில் ஒன்றில் காற்று குறைந்தால் பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வரப்பு ஏறி இறங்கும்போதும் வளைவுகளில் திரும்பும்போதும் இது ஆபத்தானது.

காற்று அளவுக்கு மீறினாலும் கெடுதலே. டயர் விறைத்து நிற்பதால் கல்லிலோ பள்ளத்திலோ அடிபடும்போது அதிர்ச்சியைத் தாங்காமல் வெடிக்கலாம். டயரின் நடுப்பகுதி மட்டும் விரைவில் தேயும்.

எந்த டயருக்கு எவ்வளவு?

டிராக்டரின் பெரிய பின்சக்கர டயருக்குப் பொதுவாக 12 முதல் 20 பவுண்டு (பி.எஸ்.ஐ.) காற்று போதும். முன்சக்கரங்களுக்கு ஏறத்தாழ 24 முதல் 32 பவுண்டு தேவைப்படும். 9.00-16 போன்ற பாரம் சுமக்கும் டிரெய்லர் டயர்கள் வேறு இனம். இவற்றுக்கு 60 பவுண்டுக்கு மேலும் தேவைப்படலாம். சரியான அளவு டயரின் அடுக்கு எண்ணிக்கையையும், ஏற்றும் பாரத்தையும் பொறுத்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவையும், டயர் கம்பெனி தரும் அட்டவணையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சில மீட்டர்களில் 'பார்' என்றோ 'கிலோ' என்றோ அளவு குறித்திருக்கும். 1 பார் என்பது 14.5 பவுண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 14.2 பவுண்டு. மீட்டர் 5 கிலோ காட்டினால் அது சுமார் 71 பவுண்டு என்று கொள்ளலாம்.

அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது

கம்ப்ரஸர் பெட்டியின் மேல் '150 பி.எஸ்.ஐ.' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். நமக்குத் தேவை 70 தானே, இது 150 தருகிறதே என்று எண்ணி வாங்கிவிடுவது வழக்கம். அந்த எண், கம்ப்ரஸர் எவ்வளவு எதிர்ப்பு வரை தள்ளும் என்பதை மட்டுமே சொல்கிறது. நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது வேறு கணக்கு. சைக்கிள் டயருக்கு அடிக்கும் சிறு பம்பும் 100 பவுண்டு வரை அழுத்தம் தரக்கூடும். ஆனால் அதை வைத்து டிரெய்லர் டயரை நிரப்ப முடியுமா என்பதை யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காற்றின் அளவு. இது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்றோ, இத்தனை கன அடி (சி.எப்.எம்.) என்றோ குறிக்கப்படும். 1 கன அடி என்பது சுமார் 28 லிட்டர்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில கம்ப்ரஸர்களில் பிஸ்டன் உறிஞ்சும் அளவை எழுதியிருப்பார்கள். வேறு சிலவற்றில் அழுத்தத்துக்கு எதிராக உண்மையில் வெளியே வரும் அளவை எழுதியிருப்பார்கள். சிறிய கம்ப்ரஸர்களில் பின்னது முன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கலாம். "70 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும்?" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதே முறை.

ஒரு சிறு கணக்கு

நடுத்தர டிரெய்லர் டயர் ஒன்றின் உள்ளே சுமார் 70 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரில் 14.7 பவுண்டு ஏற வேண்டுமானால், அந்த இடத்தின் அளவுக்குச் சமமான வெளிக்காற்றை, அதாவது இன்னும் 70 லிட்டரை, உள்ளே திணிக்க வேண்டும்.

முழுவதும் காற்று இறங்கிய டயரை 70 பவுண்டுக்குக் கொண்டுவர சுமார் 330 லிட்டர் காற்று வேண்டும். 50 பவுண்டில் நிற்கும் டயரை 70 பவுண்டுக்கு ஏற்றச் சுமார் 95 லிட்டர் வேண்டும்.

அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் சிறு பம்ப், 95 லிட்டர் அடிக்க ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நான்கு டயருக்கும் சேர்த்து 25 நிமிடம் ஆகும். இறங்கிய டயர் ஒன்றை மட்டும் நிரப்ப 22 நிமிடம் பிடிக்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் கம்ப்ரஸர் இதே வேலையை, நான்கு டயருக்கும் சேர்த்து, நான்கு நிமிடத்தில் முடித்துவிடும். இறங்கிய டயர் மூன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

மூன்று வகைகள்

1. பாட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப்: விலை குறைவு, டிராக்டரின் கருவிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். வழியில் காற்று இறங்கினால் கைகொடுக்கும். ஆனால் இவற்றில் பலவற்றைத் தொடர்ந்து 10, 15 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆறவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், இறங்கிய டயரை நிரப்புவது இந்தப் பம்புக்கு எவ்வளவு சிரமம் என்பது புரியும். சற்றுப் பெரிய பம்பானால் பாட்டரி முனைகளில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையையே வாங்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பியூஸ் போய்விடும். பம்ப் ஓடும்போது எஞ்சினையும் ஓடவிட்டால் பாட்டரி இறங்காது.

2. வீட்டு மின்சாரத்தில் ஓடும் தொட்டி வைத்த கம்ப்ரஸர்: இரண்டு சக்கரம் வைத்து உருட்டிச் செல்லும்படி வருகிறது. டிரெய்லரை வீட்டிலோ களத்திலோ நிறுத்துபவர்களுக்கு இதுவே ஏற்றது. இதில் மோட்டாரோடு நேராக இணைந்தது, பெல்ட் மூலம் ஓடுவது என இரண்டு உண்டு. பெல்ட் வகையில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் சத்தமும் சூடும் குறைவு, நெடுநாள் உழைக்கும். ஆனால் எடை அதிகம். எண்ணெய் ஊற்றும் வகையில் எண்ணெய் மட்டத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். மேடு பள்ளத்தில் சாய்த்து ஓட்டக் கூடாது. எண்ணெய் இல்லாத வகைக்குப் பராமரிப்பு குறைவு என்றாலும் ஆயுளும் குறைவு.

3. பெட்ரோல் எஞ்சினிலோ டிராக்டரிலோ ஓடுவது: பல டிரெய்லர்களை வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும், மின்சாரம் இல்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் உரியது. டிராக்டர் எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் ஓட்டும் கம்ப்ரஸரானால், பொருத்துவதற்கு முன் டிராக்டர் கம்பெனியின் பணிமனையில் கேட்டுக்கொள்வது நல்லது. சுழலும் பெல்ட்டுக்குக் கட்டாயம் மூடி இருக்க வேண்டும். வேட்டி, துண்டு சிக்கி விபத்து நேருவது இதனால் தடுக்கப்படும்.

தொட்டி பெரிதாக இருந்தால் போதுமா?

தொட்டி காற்றைச் சேமித்து வைக்குமே தவிர உண்டாக்காது. 30 லிட்டர் தொட்டியில் 8 பார் காற்று இருக்கிறது என்று கொள்வோம். டயரை 70 பவுண்டுக்கு ஏற்ற வேண்டுமானால் தொட்டியில் 5 பார் இருக்கும் வரைதான் காற்று பாயும். அதாவது பயன்படுவது 3 பார் மட்டுமே. இது சுமார் 90 லிட்டர் காற்று. 50 பவுண்டில் உள்ள ஒரு டயரைச் சரிசெய்யத்தான் ஏறக்குறையப் போதும். மீதி டயர்களுக்குப் பம்ப்தான் அடிக்க வேண்டும். எனவே பெரிய தொட்டியும் சிறிய பம்பும் சேர்ந்த கம்ப்ரஸரைவிட, அளவான தொட்டியும் நல்ல பம்பும் உள்ளதே மேல்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்

கம்ப்ரஸரின் உண்மையான திறனைக் கண்டறியக் கைக்கடிகாரம் ஒன்று போதும். தொட்டியைக் காலி செய்துவிட்டு மோட்டாரைப் போட்டு, மீட்டர் முள் 100 பவுண்டைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். 30 லிட்டர் தொட்டி 100 பவுண்டுக்கு ஏறச் சுமார் 204 லிட்டர் காற்று வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்குச் சராசரி 100 லிட்டர் தருகிறது என்று பொருள். நான்கு நிமிடம் ஆனால் 50 லிட்டர்தான். தொட்டி 50 லிட்டரானால் 340 லிட்டர் என்று கணக்கிட வேண்டும்.

பிறகு மோட்டாரை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. சோப்பு நீரைத் தடவினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிவிடும்.

மின்சாரத்தில் கவனம்

கிராமங்களில் மாலை நேரத்தில் வோல்டேஜ் குறைவது உண்டு. அப்போது கம்ப்ரஸர் மோட்டார் கிளம்பாமல் உறுமும். அப்படியே விட்டால் சுருள் கருகும். உடனே நிறுத்திவிட வேண்டும்.

மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து ஓட்டுவதும் இதே விளைவைத் தரும். ஓடும்போது 8 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்கு எடுக்கக்கூடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 30 மீட்டர் இழுத்திருந்தால் கிளம்பும் நேரத்தில் 40 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் 17 வோல்ட்தான் குறையும். ஒயரை நீட்டுவதைவிடக் காற்றுக் குழாயை நீளமாக வாங்குவது எளிது. எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக் அவசியம். பாசன மோட்டாருக்கு வழங்கப்பட்ட இலவச இணைப்பில் கம்ப்ரஸரைப் பூட்டும் எண்ணமிருந்தால், முன்னதாக மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

காற்றடிக்கும்போது

டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றை அளக்க வேண்டும். 70 பவுண்டு உள்ள டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் சுமார் 3 பவுண்டு கூடும். ஓடிவந்த டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது குறைந்து நிற்கும். கம்ப்ரஸரில் உள்ள மீட்டரை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு நல்ல அழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்வது சிறந்தது.

டிராக்டரின் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால், காற்றடிக்கும் முன் வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முக்கால் பங்கு தண்ணீராக இருந்தால் காற்றுக்குக் கால் பங்கு இடம்தான் உண்டு. அழுத்தம் நான்கு மடங்கு வேகமாக ஏறும். சற்றுச் சற்றாக அடித்து அளந்து பார்க்க வேண்டும்.

லாக் ரிங் வைத்த ரிம்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ரிங் சரியாக உட்காராவிட்டாலோ துருப்பிடித்திருந்தாலோ, காற்று ஏறும்போது தெறித்து ஆளையே கொன்றுவிடும். முழுவதும் இறங்கிய நிலையிலோ மிகக் குறைந்த காற்றிலோ ஓடிய டயருக்கு அப்படியே காற்றடிக்கக் கூடாது; கழற்றி, உள்ளே சேதம் உண்டா என்று தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். லாக் ரிங் டயரைக் கழற்றி மாட்டிய பிறகு, இரும்புக் கூண்டு உள்ள பணிமனையில் காற்றடிப்பதே பாதுகாப்பு. சாதாரணமாகக் காற்றைச் சரிபார்க்கும்போதும் வால்வில் தானே கவ்விக்கொள்ளும் கிளிப்பும், குறைந்தது 3 மீட்டர் குழாயும் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டுக்கு நேராக நிற்காமல், பட்டன் பகுதிக்கு நேராகத் தள்ளி நிற்க வேண்டும். சிறுவர்களை அருகில் விடக் கூடாது.

பராமரிப்பு

காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் நீராகச் சேரும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அடியில் உள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் தொட்டி உள்ளே துருப்பிடித்து மெலிந்து, ஒருநாள் வெடிக்கக்கூடும். துருப்பிடித்த தொட்டியை வெல்டிங் செய்து ஒட்டுப் போடக் கூடாது, மாற்றிவிட வேண்டும். பாதுகாப்பு வால்வில் காற்று கசிகிறது என்பதற்காக அதை அடைத்துவிடுவது உயிருக்கு உலை வைப்பதாகும். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறையும், தூசி மிகுந்த அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறையும் தட்டிச் சுத்தம் செய்யலாம்.

யாருக்கு எது?

ஒரு டிராக்டரும் ஒரு டிரெய்லரும் வைத்து, பஞ்சர் கடைக்கு அருகில் இருப்பவருக்கு 12 வோல்ட் பம்பும் ஒரு அழுத்தமானியும் போதும். குறைகிற காற்றை அவ்வப்போது ஈடுசெய்ய அது உதவும். இரண்டு, மூன்று டிரெய்லர் வைத்திருப்பவர்கள், நிமிடத்துக்கு 100 லிட்டர் அளவில் காற்று தரும் தொட்டி கம்ப்ரஸரை வாங்கலாம். தனியாக வாங்க வசதியில்லாதவர்கள் அண்டைத் தோட்டக்காரர்கள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து பொதுவில் வாங்கிக்கொள்ளலாம். பிஸ்டன் ரிங், வால்வுத் தகடு, பெல்ட் போன்ற உதிரி பாகங்கள் பக்கத்து ஊரிலேயே கிடைக்குமா என்பதையும் விசாரித்து வாங்க வேண்டும்.

பாரம் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லா டயர்களையும் அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். கம்ப்ரஸர் வாங்கியவர்கள் இந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் டயரின் ஆயுள் கூடும். வெட்டிய கரும்பும் காலத்தில் ஆலை போய்ச் சேரும்.